வீட்டுச் சுருதியும் வெளிக் குரலும்

பாட்டுக் குழு சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கூப்பிடுவது அண்ணன் தம்பியைத்தான்; அடுத்தது பக்கத்துத் தெரு நண்பனை. நம் ஊர்களில் வேரூன்றிய இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட, பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாடகர். ஊர் வாயில் புழங்கும் சினிமா மெட்டில் அன்றைய அரசியலை ஏற்றிப் பாடுவது அவருக்குக் கைவந்த கலை. 1958-இல் மலைக்கு அந்தப்பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடி வாக்குக் கேட்டார். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் அவரோடு மேடையேறி வளர்ந்தவர்கள்.

வீட்டுக் குழுவின் பெரிய பலம் பொறுமை. சிறுவன் இளையராஜா முதலில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் அந்தப் பாட்டு போயிற்று. கூலிக்கு ஆள் பிடிக்கிற குழுவென்றால் பையனை அன்றே பஸ் ஏற்றியிருப்பார்கள். அண்ணன் குழுவில் அவருக்கு ஆர்மோனியம் கிடைத்தது. கூட்டத்தின் முகம் பார்த்து அண்ணன் ஒரு வரியைத் திருப்பினால், அடுத்த அடியை எங்கே எடுப்பார் என்று விரல் முந்திக்கொண்டு அறிய வேண்டும். எந்தப் பள்ளியிலும் கிடைக்காத செவிப்பயிற்சி அது.

குறைகளும் அதே வீட்டில்தான் பிறக்கின்றன. மூத்தவர் சொல்வதே முடிவு. அதே ஆர்மோனியத்தைத் தொட்டதற்காக முன்பு அண்ணனிடம் அடி வாங்கியதை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். வரவு செலவு, யார் மெட்டு, யார் வரி என்ற பேச்சை எடுப்பதே மரியாதைக் குறைவாகிவிடும். எல்லாவற்றையும்விட, ஒரே வீட்டார்க்கு ஒரே இசைதான் தெரியும். மேற்கத்திய இசையைக் கற்க இளையராஜா 1968-இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டர் முன் மாணவனாக உட்கார வேண்டியிருந்தது. 1976-இல் அவர் இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது. அதைக் கேட்க வரதராஜன் உயிரோடு இல்லை என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

அப்படியானால் சொந்தத்தை விடுவதா? 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ பதில் சொல்கிறது. இயக்கம், அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜா. இசை இளையராஜா. ‘செந்தூரப் பூவே’ பாட்டின் வரிகள் தம்பி கங்கை அமரனுடையவை. பாடியவரோ ஆந்திரத்தில் பிறந்த எஸ். ஜானகி, அந்தப் பாட்டுக்குத்தான் தேசிய விருது பெற்றார். மூன்று பேர் தேனிப் பக்கத்து மண், நான்காவது குரல் வெளியிலிருந்து வந்தது.

குழு தேடும் இளைஞர்களுக்கு என் துணிபு இதுதான். வீட்டாரோடு தொடங்குங்கள், பணத்தையும் பெயரையும் முதல் ஒத்திகையிலேயே வாய்விட்டுப் பேசி முடியுங்கள். வெளியாள் ஒருவர் வந்தால் அவர் வாசிப்பு வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பாட்டின் நடுவில் அரைக் கட்டை இறக்கிப் பாடுங்கள். உடனே உங்கள் முகத்தைப் பார்த்துக் கூடவே இறங்கி வருகிறவரை விட்டுவிடாதீர்கள்.