குறை நிறைவாகிய கூட்டிசை

கமகமே இராகத்தின் உயிர் என்னும் கொள்கையிற் பயின்ற எனக்கு, 1967ஆம் ஆண்டில் 'பள்ளத்தாக்கின் அழைப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் வெளிவந்த இந்துஸ்தானி இசைத்தட்டின்பால் முதலில் மதிப்பு உண்டாகவில்லை. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் கப்ராவின் கிற்றார் ஆகிய மூன்றும் அதிற் கூடுகின்றன. சிறு கோல்களால் தட்டப்படும் சந்தூரிற் சுரங்கள் தனித்தனித் துளிகளாய் விழுமேயன்றி, ஒன்றிலிருந்து ஒன்றற்கு வழுக்கிச் செல்லுதல் அரிது. கிற்றாரோ மேனாட்டுக் கருவி. இவை கூடி இராகத்தின் உருவைக் காட்டுதல் யாங்ஙனம் என ஐயுற்றே கேட்கலானேன்.

காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள் வாழ்வே இதன் பொருள். நம் சக்கரவாகத்தை நினைவூட்டும் ஆகிர் பைரவ் விடியலாகின்றது. நம் மோகனத்தை ஒத்த பூப் முதலிய இராகங்களின் வழியே பொழுது இரவை நோக்கி நகர்கின்றது. கப்ரா தந்திகளின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிப்பவராதலின், சந்தூருக்கு அரிதாகிய நெளிவும் குழைவும் அவர் கிற்றாரிற் பிறக்கின்றன. குழலின் நீண்ட மூச்சு இரண்டையும் பிணிக்கின்றது. எக்குறையைக் காட்டி இதனை ஒதுக்க எண்ணினேனோ, அக்குறையே ஏனைய கருவிகளுக்கு இடமளிக்கும் வாயிலாயிற்று.

தனிக் கச்சேரிக்குரிய விரிந்த ஆலாபனையை இதில் நாடுவோர் ஏமாறுவர் என்பது உண்மையே. ஆயினும், கருவிகளைத் தனித்தனியே அளந்த யான், அவற்றின் கூட்டத்தால் விளைவதைக் கேளாமுன்னரே தீர்ப்பளித்தமை பிழையென இன்று ஒப்புக்கொள்கின்றேன்.