மூன்றாகப் பிரித்த பாடநூலும் மாணவர் நினைவும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் பாடநூல்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. மறு ஆண்டு 9ஆம் வகுப்புக்கும் இம்முறை நீட்டிக்கப்பட்டது. பின்னர் அவ்வகுப்பில் கைவிடப்பட்டது. கீழ்வகுப்புகளில் பருவ நூல்களே தொடர்கின்றன. புத்தகப் பையின் சுமை குறைய வேண்டும், ஆண்டிறுதித் தேர்வைப் பற்றிய அச்சம் நீங்க வேண்டும் என்பவை இதன் நோக்கங்கள். இரண்டும் நல்லவையே. பை இலேசாயிற்று என்பதிலும் ஐயமில்லை. பையிலிருந்து இறங்கிய பாடம் தலையில் தங்கியதா என்பதே நம் கேள்வி.

ஜூன் மாதம் படித்த பாடம் செப்டம்பர்த் தேர்வோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பருவத் தேர்வில் இரண்டாம் புத்தகத்திலிருந்து மட்டுமே கேள்வி வரும். முதற் புத்தகம் பரண் ஏறும். அல்லது பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். கற்றதை மறுபடி நினைவுகூரும் வாய்ப்பு மாணவனுக்கு அந்த ஆண்டில் இல்லை.

இதனால் என்ன நேரும் என்பதை அளந்து காட்டியவர் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே உருவாக்கி, தம்மையே சோதனைப் பொருளாக்கி, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒன்றை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவரது அளவுகோல். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. இந்த மறதிக் கோட்டைப் பலரும் அறிவர். அவரது மற்றொரு முடிவுதான் ஆசிரியர்களுக்கு அதிகம் பயன்படும். பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதியதால் கிடைத்த பயன், மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியபோதே கிடைத்துவிட்டது!

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவரிடம் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியைச் சராசரியாக 14 முறை படித்தனர். மற்றொரு குழுவினர் மூன்று நான்கு முறை மட்டுமே படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதற் குழு 83 விழுக்காடு, இரண்டாம் குழு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழாயிற்று: முதற் குழு 40, இரண்டாம் குழு 61. திரும்பத் திரும்பப் படித்தவர்களே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள் என்பது வேடிக்கை.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிடும் பழைய முறையில் தோலை முதலில் வலுக்குறைந்த சாற்றில் இட்டு, பிறகு படிப்படியாக வலுவான சாற்றுக்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டு முதலிலேயே வலுவான சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் பதமாகிச் சாறு உள்ளே இறங்க வழியில்லாமல் போகும். தேர்வுக்கு முந்தின இரவுப் படிப்பும் இந்த வகைதான்.

முப்பருவ முறையில் தேர்வுகள் அடிக்கடி வருவது நல்லதுதானே என்று அதன் ஆதரவாளர்கள் கேட்பார்கள். நல்லதுதான். மேற்கண்ட சோதனைப்படி தேர்வே ஒரு கற்கும் முறை. ஆகவே தேர்வின் எண்ணிக்கையை நான் குறை கூறவில்லை. எந்தத் தேர்வும் பின்னோக்கிப் பார்ப்பதில்லை என்பதே குறை. வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணாவது இதைச் செய்திருக்கலாம். பல இடங்களில் அது கடையில் வாங்கிய படங்களை அட்டையில் ஒட்டுவதாகச் சுருங்கிவிட்டது. மனப்பாடத்தை ஒழிக்கிறோம் என்ற ஆர்வத்தில் நினைவுகூரும் பயிற்சியையும் சேர்த்து ஒழித்துவிட்டோம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன் எண்சுவடியை ஒப்பித்த சிறுவனுக்கு அந்தப் பயிற்சியேனும் கிடைத்தது. (அங்கு விழுந்த பிரம்படியை யாரும் திரும்பக் கேட்கவில்லை!)

கல்லூரிகளின் செமஸ்டர் முறை முப்பருவ முறைக்கு அண்ணன். முதற் செமஸ்டரில் தனி ஊசலின் இயக்கத்தை அழகாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரிடம், பின்னொரு செமஸ்டரில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இணைந்த சுற்றைக் கொடுத்தால், அதே சமன்பாடு வந்திருப்பதை அடையாளம் காண்பதில்லை. சுட்டிக்காட்டினால், "அது ஃபர்ஸ்ட் செமஸ்டர் பேப்பர் சார்" என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. அந்தத் தாள் முடிந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நம் முறைதான்.

இந்த இழப்பு எல்லோர்க்கும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பழைய பாடத்தைத் திருப்பிக் கேட்க டியூஷன் ஆசிரியர் இருக்கிறார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் தாய் ஷூ கம்பெனியிலும் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் வேலை முடித்து வரும் வீடுகளில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? அப்பிள்ளைக்குப் பள்ளி கேட்டால்தான் உண்டு.

செய்ய வேண்டியது செலவில்லாதது. ஒவ்வொரு தொகுத்தறி மதிப்பீட்டிலும் 60இல் 15 மதிப்பெண்ணை முந்தைய பருவங்களுக்கு ஒதுக்கலாம். பழைய நூலைத் தினமும் சுமக்க வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் ஐந்து கேள்விகள் போதும். எத்தனை நாள் இடைவெளியில் கேட்பது? 1,350க்கும் மேற்பட்டோரிடம் செப்பீடா குழுவினர் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஓராண்டு கழித்து நினைவிருக்க, முதற் படிப்புக்கும் மறு படிப்புக்கும் இடையே மூன்று வார இடைவெளி ஏற்றதாக இருந்தது. அந்த ஆய்வு தனித்தனித் தகவல்களைப் பற்றியது. இயற்பியல் பாடத்துக்கு அதே எண் பொருந்த வேண்டுமென்பதில்லை. ஆனால் 'ஒருபோதும் கேட்காதே' என்ற விடையை எந்த ஆய்வும் தரவில்லை.

7ஆம் வகுப்பு அறிவியலையே எடுத்துக்கொள்வோம். ஒளி ஆண்டு முதற் பருவத்தில் 'அளவீட்டியல்' பாடத்தில் வருகிறது. ஒளி பற்றிய பாடம் மூன்றாம் பருவத்தில். அப்பாடத்தைத் தொடங்கும் நாளில், எந்தப் புத்தகத்தையும் திறக்கும் முன், ஒளி ஆண்டு என்பது காலமா, தொலைவா என்று ஆசிரியர் கேட்கட்டும். வகுப்பில் பாதிப் பேர் காலம் என்று சொல்லக்கூடும். அன்றைய பாடத்தில் பத்து நிமிடம் அதற்கே போனாலும் பரவாயில்லை.