ஒலி, சொல், உணர்வு: செவிலியர் கல்வியில் மூளை மதிப்பீட்டின் மொழி

நூலொன்றன் தகுதியை அதன் சொல்லாட்சி கொண்டு அளத்தல் திறனாய்வாளர் கடன். இம்முறை செய்யுளுக்கும் உரைநடைக்கும் மட்டுமே உரியதெனக் கொள்ளுதல் வேண்டா. ஓர் உயிரின் நிலையைச் சில சொற்களாற் பதிந்து வைக்கும் மருத்துவக் குறிப்பும் சொல்லாட்சியின்பாற்பட்டதே. செவிலியர் பயிற்சி பெறுவோர் மூளையின் அமைப்பைக் கற்கும்போது, நோயாளியின் உணர்வுநிலையை மதிப்பிடுதற்கெனக் கற்பது கிளாஸ்கோ கோமா அளவை என்பதாகும். இவ்வளவையின் மொழியை ஆராய்ந்து, தமிழ் பேசும் நோயாளியிடத்து அதனைக் கையாளுங்கால் நேரும் இடர்ப்பாடுகளைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வளவையைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினரான கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டனர். அதற்கு முன்னர், அரைமயக்கம், ஆழ்மயக்கம் என்றாற் போல்வனவும் எல்லை வரையப்படாதனவுமான பெயர்களே மிகுதியும் வழங்கின. ஒருவர் ஒரு பொருளிற் கூறியதை மற்றவர் வேறொரு பொருளிற் கொள்ள இடமிருந்தது. டீஸ்டேலும் ஜென்னட்டும் நிலைக்குப் பெயரிடுதலை விடுத்து, கண்ணாற் காணவும் காதாற் கேட்கவும் கூடிய செயல்களை வரிசைப்படுத்தினர். இன்று வழங்கும் அளவையில் விழி திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்பன மேலெல்லைகள். கூட்டுத்தொகை 3 முதல் 15 வரை அமையும். தலையில் அடிபட்டோரிடத்து 8உம் அதனிற் குறைந்ததும் கடுமையைக் காட்டும். உள்ளத்து நிகழ்வை மெய்யின்கண் தோன்றும் குறிகளால் உணர்தலைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துக் காட்டியமை ஈண்டு நினைக்கத்தகும். துறை வேறாயினும், புறத்தே தோன்றுவது கொண்டு அகத்தை அறியும் நெறி இரண்டற்கும் பொதுவாகும்.

இந்நெறியைத் தமிழிற் போற்றுதற்கு முதல் தடையாக நிற்பது 'மயக்கம்' என்னும் சொல். தலைசுற்றல், சோர்ந்து விழுதல், மருந்தால் உணர்விழத்தல், அறிவு கலங்குதல் ஆகிய அனைத்தையும் இவ்வொரு சொல்லே குறிக்கின்றது. இலக்கணத்திலோ மெய்ம்மயக்கம் என எழுத்துகளின் கூட்டத்திற்கும் இது பெயராயிற்று. 'நினைவு' என்பதும் இத்தகையதே. கடந்ததை எண்ணுதலையும் விழிப்புணர்வையும் அது ஒருங்கே சுட்டும். மூளையின் அமைப்போ இவற்றைப் பிரித்தறியுமாறு வற்புறுத்துகின்றது. விழித்திருத்தல் மூளைத்தண்டின் மேற்பகுதியிலுள்ள நரம்புவலையைச் சார்ந்தது. தெளிவுறப் பேசுதற்குப் பெருமூளைப் புறணியும் வேண்டும். ஆதலின் விழி திறந்திருப்பினும் தெளிவின்றியிருத்தல் கூடும். 'நோயாளி மயக்கமாக உள்ளார்' என்னும் குறிப்பு அடுத்து வரும் செவிலியர்க்கு ஒன்றும் உணர்த்தாது. 'அழைத்தால் விழி திறக்கிறார், தனிச்சொற்களே வருகின்றன, சொன்னபடி கையை உயர்த்துகிறார்' என்னும் குறிப்போ 3, 3, 6 என எண்ணாகவும் மாறும், காட்சியாகவும் நிற்கும்.

இனி, பேச்சுக்குரிய ஐந்து படிகளைக் காண்பாம். ஓசையே இன்மை 1; ஒலி மட்டும் எழுதல் 2; சொல் வருதல் 3; உரையாடல் நிகழ்ந்தும் தெளிவின்மை 4; தன்னையும் இடத்தையும் காலத்தையும் அறிந்து விடையளித்தல் 5. எழுத்து, சொல், பொருள் என்னும் பாகுபாட்டிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வரிசை அயலாகத் தோன்றாது. எனினும் 3, 4 ஆகிய படிகளின் எல்லையில் ஓர் இடர் உண்டு. அளவை ஆங்கிலத்தில் எழுந்தது. ஆங்கிலத் தொடர்க்கு எழுவாய் வெளிப்பட நிற்றல் பெரும்பான்மை. தமிழிலோ வினைமுற்று எழுவாயைத் தன்னுள் அடக்கித் தனித்தும் தொடராகும். 'ஏதேனும் சாப்பிட்டீங்களா, ஐயா?' என வினவ, 'சாப்பிட்டேன்' என ஒருவர் விடை கூறின், அது வடிவில் ஒரு சொல், பயனில் முழுத்தொடர். அதனைத் தனிச்சொல்லென எண்ணி 3 வழங்குதல் பிழை. மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்து, 'கன்னுக்குட்டிய அவுத்து விடு' என்பவர் கூற்றும் அவ்வாறே. இடம் அறியாமையால் 5 பெறாதெனினும், தொடராதலின் 3ஆகவும் தாழாது. வலியால் எழும் 'அம்மா' தெளிவாகக் கேட்பின் சொல்லேயாம். வெறும் முனகல் ஒலியாம். ஐயம் தோன்றுமிடத்து, கேட்டதைக் கேட்டவாறே எண்ணின் அருகில் எழுதுதல் நன்று.

ஐந்தாம் படியிலும் கருதத்தக்கன உள. ஜூலைத் திங்கள் 10ஆம் நாளில் 'இது என்ன மாதம்?' என ஒரு முதியவரை வினவினால், அவர் 'ஆனி' எனக் கூறலாம். அவ்விடை சரியே. 20ஆம் நாளில் 'ஆடி' என்பாராயின் அதுவும் சரியே. ஆங்கிலத் திங்களை மட்டும் எதிர்பார்த்த செவிலியர் அதனைத் தெளிவின்மையெனக் குறித்தால், கலக்கம் நோயாளியிடத்தன்று, வினாவினிடத்தே உள்ளது. தம் ஊர் அரசு மருத்துவமனையைப் 'பெரியாஸ்பத்திரி' என வழங்குவோர் பலர். அதுவும் இடமறிந்த விடையே. 'தாங்கள் தற்பொழுது எவ்விடத்தில் உள்ளீர்கள்?' எனும் எழுத்து வழக்கு வினா, எழுத்தறியா முதியவரைத் திகைக்கச் செய்யும். 'இப்ப எங்க இருக்கீங்கம்மா?' என வினவுதலே அளவைக்கு ஏற்றது.

எண்கள் உலகப் பொதுவாதலின் மொழி ஆராய்ச்சி எற்றுக்கெனச் சிலர் வினவலாம். எண் பொதுவே, எண்ணுக்கு வழிகாட்டும் செவி பொதுவன்று. பால் புரோக்கா 1861இல் பாரிசில் ஆராய்ந்த நோயாளி, 'டான்' என்னும் ஒலியன்றி ஏறத்தாழ வேறெதுவும் கூற இயலாதவர்; பிறர் கூறுவதையோ அறிந்திருந்தார். அவர் இறந்தபின் இடப்பெருமூளையின் முன்மடலிற் சிதைவு காணப்பட்டது. இத்தகையார்க்குப் பேச்செண் தாழ்தல் உணர்வு தாழ்ந்தமையைக் காட்டாது. ஆதலின் கூட்டுத்தொகையை மட்டும் எழுதாது மூன்று எண்களையும் தனித்தனியே எழுதுதல் இன்றியமையாதது.

அளவையின் ஆசிரியர் தரப்பினரே சொற்களைத் திருத்தியமையும் நோக்கத்தக்கது. 2014இல் வந்த திருத்தத்தில் 'வலிக்கு' விழி திறத்தல் என்பது 'அழுத்தத்திற்கு' விழி திறத்தல் என்றாயிற்று. வலி நோயாளி உணர்வது; உணர்விழந்தவர் அதனை உணர்கின்றாரா என யாம் அறியோம். அழுத்தம் செவிலியர் செய்வது, அறியத்தக்கது. மூச்சுக்குழாயிற் குழல் பொருத்தப்பட்டமையாற் பேச இயலாதார்க்கு 1 என இடாமல், ஆராய இயலாதது எனக் குறிக்கவும் அத்திருத்தம் பணித்தது. அறியாததை அறிந்ததாக எழுதாமை இதன் சிறப்பு. தமிழாக்கத்திலும் 'வலி' என்பதனை நீக்கி 'அழுத்தம்' என்பதனையே ஆளுதல் வேண்டும்.

இச்சொல்வேறுபாடுகள் சிறியன எனல் ஒவ்வாது. மூளையின் புறவுறையாகிய டியூரா மேட்டருக்கும் மண்டையோட்டிற்கும் இடையே குருதி பெருகுங்கால், தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்தில் உணர்விழத்தல் உண்டு. மாலையில் 5ஆக இருந்த பேச்செண் இரவில் 4ஆகத் தாழ்ந்தமையைக் காணும் செவிலியரே மருத்துவரை அழைப்பவர். மாலையில் 'ஆனி' எனக் கூறியவர்க்குத் தவறாக 4 இட்டிருப்பின், இரவில் மெய்யாகவே வந்த 4 புதிதெனத் தோன்றாது; அழைப்பும் எழாது.

இதுகாறும் கூறியவற்றால், மூளை மதிப்பீடு மருத்துவக் கலையாதலோடு மொழிக் கலையுமாதல் பெறப்படும். நிலைக்குப் பெயரிடாது நிகழ்ந்ததை எழுதுதல், சொல்லை எண்ணாது தொடரின் பயனை நோக்குதல், நோயாளியின் வழக்கிலேயே வினவுதல் ஆகிய மூன்றும் செவிலியர் பாடத்தில் இடம்பெறல் வேண்டும். இவற்றை வகுத்துரைத்தற்குத் தமிழ்த்துறையாரும் கடமைப்பட்டுள்ளனர் என்பது எம் கருத்து.