தழும்பும் குரலும்

1994 ஏப்ரலில் தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குகிற வேலை. அந்தக் கிழமை என்னோடு நின்ற பல்கலைக்கழகப் பெடியன் ஒருவன் இரவு முழுக்க ஒரே கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டான். நிர்வாணா குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் சியாட்டிலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்ற செய்தி வந்திருந்தது. குழுவின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மொழியில் அதற்கு உடுப்பில்லாமல் நிற்பது என்று பொருள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அவர் அப்படித்தான் பாடினார்” என்றான்.

எனக்கு அது பிடிபடவில்லை. கத்தலும் கிற்றாரின் இரைச்சலும்தான் கேட்டன. 27 வயது, காசு, புகழ், கடவுச்சீட்டு. அன்றைக்கு எனக்குக் கடவுச்சீட்டுத்தான் பெரிதாகத் தெரிந்தது. இவனுக்கு என்ன நோவு என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் செத்தவனை வென்றுவிட்டு, விடியப் பஸ் ஏறி அறைக்குப் போனேன்.

அந்தக் கணக்கை எனக்குப் பழக்கியது என்னுடைய அகதி விண்ணப்பம். நேர்காணலுக்குப் போவதற்கு முதல்நாள், நாங்கள் ஒன்பது பேர் இருந்த வீட்டில் மூத்தவராக இருந்த அண்ணை ஒருவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, அங்கை அழவேணும். அழாட்டி நம்பமாட்டாங்கள்.” எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வாக்குமூலத்தைப்போல் ஒழுங்காகச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னதே எனக்கு எதிராகப் போனது. மேன்முறையீட்டுக்காகச் சட்டத்தரணி என்னை ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். மேற்சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். தழும்புகள் நான் சொன்ன சம்பவத்தோடு ஒத்துப்போகக்கூடியவை என்று அவர் எழுதித் தந்த ஒன்றரைப் பக்கம், நான் சொன்ன அத்தனை சொல்லையும்விடக் கனமானதாக இருந்தது. என் வாயை விட்டுவிட்டு என் தோலை நம்பினார்கள்.

இதனால்தான், சில வருடங்கள் கழித்து ஒரு பழைய சஞ்சிகையில் றிச்சி எட்வேர்ட்ஸின் படத்தைக் கண்டபோது எனக்கு உடம்பு கூசியது. மானிக் ஸ்ரீற் பிறீச்சர்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் குழுவில் அவர் கிற்றார்காரர். 1991 மே 15 அன்று நொறிச் நகரில் நிகழ்ச்சி முடிந்தபின், என்.எம்.ஈ. இசைப் பத்திரிகையின் செய்தியாளர் ஸ்ரீவ் லமாக் அவரிடம், நீங்கள் செய்வது உண்மைதானா, இல்லை வேஷமா என்ற தோரணையில் கேட்டிருக்கிறார். எட்வேர்ட்ஸ் பேசிக்கொண்டே, சவர அலகால் தன் முன்கையில், ‘இது நிசம்’ என்று பொருள்படும் எழுத்துக்களைக் கீறிக்காட்டினார். படம் எடுக்கப்பட்டது, பத்திரிகையில் வந்தது. இன்றுவரை அந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். (நானும்தான்.)

அவர் கையை நீட்டிக் காட்டுகிற அந்தச் சாடையை நான் அறிவேன். சொல்லுக்குப் பெறுமதி இல்லாமற் போன இடத்தில் மனிதர் உடம்பைக் காட்டுவார். வித்தியாசம் என்னவென்றால், என்னிடம் கேட்டவருக்கு அதிகாரம் இருந்தது; அவரிடம் கேட்டவர் ஒரு பத்திரிகைக்காரர் மட்டுமே. ஆனாலும் றொக் இசையில் இரசிகரும் விமர்சகரும் சேர்ந்து நடத்துகிற ஒரு விசாரணை மேசை எப்போதும் உண்டு. நோவைக் கொண்டுவா, அது உன்னுடையதுதான் என்று நிரூபி, பிறகு பாடு.

எட்வேர்ட்ஸின் நோவு பொய்யல்ல. அவர் உடலையும் மனத்தையும் வருத்திய நோய்கள் பதிவில் உள்ளவை. 1995 பெப்ரவரி 1 அன்று லண்டனில் விடுதி ஒன்றிலிருந்து வெளியேறியவர் திரும்பவில்லை. அவருடைய கார் செவேர்ன் பாலத்துக்கு அருகே கண்டெடுக்கப்பட்டது. 2008 இல் சட்டப்படி இறந்தவராகக் கருதப்பட்டார். ஆனால் அந்தக் கையின் படம் எனக்கு அவரைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. சொன்னது 1994 ஆகஸ்டில் வந்த ‘த ஹோலி பைபிள்’ இசைத்தட்டு.

அந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாடல் வரிகளில் பெரும்பகுதி எட்வேர்ட்ஸ் எழுதியது. அவர் பாடகர் அல்லர். கிற்றாரும் பெரிதாக வாசிக்கத் தெரியாது. மெட்டமைத்தவர்கள் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்ட்டும் ஷோன் மூரும். பாடியவர் பிராட்ஃபீல்ட். அதாவது அந்தத் தட்டில் ஒலிக்கும் வலியை எழுதியவர் ஒருவர், தொண்டையில் ஏற்றியவர் அவருடைய சிநேகிதர். எட்வேர்ட்ஸ் எழுதிக் கொடுத்தவை பாட்டாக எழுதப்பட்டவையே அல்ல. சந்தம் கிடையாது, மூச்சுவிட இடம் கிடையாது, பெயர்ச்சொற்களை நெருக்கி அடுக்கிய பக்கங்கள். பிராட்ஃபீல்ட் அவற்றை மெட்டுக்குள் திணிக்கிறார். சொல் நடுவில் முறிகிறது, அழுத்தம் விழக்கூடாத அசையில் விழுகிறது, அடி முடியுமுன் மூச்சு முடிகிறது. சொற்கள் மெட்டை விட அதிகம், அவ்வளவுதான் காரணம். ஆனால் கேட்பவருக்கு அது சுவாசம் போதாத ஒரு மனிதனின் குரலாகக் கேட்கிறது. நோவு அங்கே ஒரு தச்சுவேலைப் பிழையிலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்வேன். திருத்தாமல் விட்ட பிழை.

அதே தட்டில் ஒரு உடல் எடையையே தலைப்பாகக் கொண்ட பாடல் ஒன்று இருக்கிறது. உண்ண மறுக்கிற ஒரு இளம்பெண் தன் வாயால் பேசுவதாக அமைந்தது. எழுதியவர் அதே நோயால் வாடிய ஆண். பாடுபவர் அந்த நோய் இல்லாத இன்னொரு ஆண். மூன்று ஆட்கள் கைமாறி வருகிற வலி. வேகமாகத் தொடங்கி, நடுவழியில் பாடல் தணிந்து, இதமாகிறது. பயங்கரம் அந்த இதத்தில்தான். இது யாருடைய அனுபவம் என்று விசாரணை மேசையில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கோபேனிடம் நான் திரும்பிப் போனது இதற்கெல்லாம் பிறகுதான். 1993 நவம்பர் 18 அன்று நியூயோர்க்கில் எம்ரிவியின் ‘அன்பிளக்ட்’ தொடருக்காக நிர்வாணா வாசித்தது. மின்சாரத்தைக் கழற்றிவிட்டால் உண்மை வெளியே வரும் என்பதுதான் அந்தத் தொடரின் தத்துவம். கோபேன் தன் கிற்றாரை மேடையில் மறைவாக வைத்த அம்பிளிபயர் வழியாகத்தான் வாசித்தார். மேடையில் லில்லிப் பூக்கள், கறுப்பு மெழுகுதிரிகள். செத்தவீடு போல இருக்கட்டும் என்று அவரே கேட்டது. ஐந்து மாதத்துக்குள் அவர் இறந்துபோனதால் இப்போது அந்தப் பூக்களை வேறுவிதமாகப் பார்க்காமல் இருக்க என்னாலும் முடிவதில்லை. ஆனால் அன்றிரவு அது மேடை அலங்காரம்.

பதினான்கு பாடல்களில் ஆறு மற்றவர்களுடையவை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தன் உள்ளத்தைத் திறந்து காட்டினார் என்று சொல்லப்படும் அந்த இரவில், ஏறத்தாழப் பாதி நேரம் அவர் மற்றவர்களின் சொற்களுக்குள் நின்றிருக்கிறார். கடைசிப் பாடலான ‘வெயார் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’ அமெரிக்கத் தெற்கின் மலைப்பகுதியில் யார் இயற்றினார் என்று தெரியாமல் புழங்கிவந்த பழைய நாட்டுப்பாடல். கோபேன் அதை எடுத்தது லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரிடமிருந்து.

லெட் பெல்லியின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. லூயிசியானாவின் அங்கோலா சிறையில் அவரை 1933 இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜோன் லோமக்ஸ் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் விடுதலையான லெட் பெல்லி லோமக்ஸோடு வடக்குக்கு வந்தார். நல்ல கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து பாடவே விரும்பினார். ஆனால் 1935 இல் ‘மார்ச் ஒஃப் ரைம்’ செய்திப்படத்தில் அவரைச் சிறை உடுப்போடு, கைதியாகவே, தன் கதையைத் தானே நடிக்க வைத்தார்கள். வெள்ளைச் சபைக்கு அவர் பாட்டு மட்டும் போதவில்லை, கைதியும் வேண்டியிருந்தார். அவருக்கும் லோமக்ஸுக்கும் இடையிலான உறவு அதே வருடம் முறிந்தது. இதை முதலில் வாசித்தபோது, நேர்காணலுக்குப் புதுச் சட்டை போடாதே என்று எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஞாபகம் வந்தது.

சரி, கோபேனின் கடைசிப் பாடலுக்கு வருவோம். முதல் சரணங்களை அவர் தாழ்ந்த குரலில், ஏறக்குறையச் சலிப்போடு பாடுகிறார். கடைசிச் சரணத்தில் அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே போகிறது. குரல் அந்த உயரத்துக்கு எட்டுமா என்பது தெரியாத இடம் அது. கிழிகிறது. கடைசி அடி முடியுமுன் ஒரு நிறுத்தம். மூச்சை இழுக்கிறார், கண்ணைத் திறக்கிறார், முடிக்கிறார். இதைத்தான் எல்லோரும் ‘நடிப்பில்லாத கணம்’ என்கிறார்கள். ஆனால் அந்தப் பாடலை அவர் அன்று புதிதாகக் கண்டெடுக்கவில்லை. அவருடைய சிநேகிதர் மார்க் லனெகன் 1990 இல் வெளியிட்ட தட்டில் இதே பாடல் இருக்கிறது. அதில் கிற்றார் வாசித்தவர் கோபேன். குறைந்தது மூன்று வருடங்கள் அவர் அந்தப் பாடலோடு குடியிருந்திருக்கிறார். எங்கே தாழ்ந்து நின்றால் எங்கே எழும்பலாம் என்பது அவருக்குத் தெரியும். முன்பாதியின் சலிப்பு இல்லாவிட்டால் பின்பாதியின் கதறலுக்கு வேலை இல்லை.

ஜோனி காஷ் தன் 70 ஆவது வயதில், 2002 இல், ‘ஹேர்ட்’ பாடலைப் பாடினார். அதை எழுதிய ட்ரென்ற் றெஸ்னர் தன் இருபதுகளின் முடிவில் வெளியிட்ட இளைஞனின் பாடல் அது. காஷ் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். மீதியைக் கிழவனின் குரல் மாற்றிவிட்டது. இதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள், நான் கடந்து போகிறேன்.

நிக் கேவின் விடயம் அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது. அவருடைய மகன்களில் ஒருவன் 2015 ஜூலையில் பிறைற்றனுக்கு அருகே மலைமுகட்டிலிருந்து விழுந்து இறந்தான்; வயது 15. அடுத்த வருடம் ‘ஸ்கெலிற்றன் றீ’ தட்டு வந்தது. எல்லோரையும்போல நானும் ஒவ்வொரு அடியிலும் அந்தப் பிள்ளையைக் கேட்டேன். முதல் பாடலே வானிலிருந்து விழுவது பற்றியது. பிறகுதான் தெரிந்தது, பாடல்களில் பெரும்பாலானவை விபத்துக்கு முன்பே எழுதப்பட்டவை. அப்படியானால் நான் கேட்டது என்ன? தகப்பனின் துயரத்தையா, பத்திரிகைச் செய்தியையா? திரும்பவும் போட்டுக் கேட்டேன். குரல் தளர்ந்து, சுருதிக்குச் சற்றுக் கீழே நழுவுகிறது; தாளம் அவரைப் பிடித்து வைக்க முயல்வதில்லை. சொற்கள் முந்தியவை, பாடிய உடம்பு பிந்தியது. துயரம் வரிகளில் இல்லை. வரிகளை ஏந்த முடியாமல் போனதில் இருக்கிறது.

தொல்காப்பியம் இதற்கு வைத்திருக்கும் சொல் மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவது. ‘மெய்’ என்றால் உடம்பும்தான், உண்மையும்தான். ஆனால் அழுகை உள்ளிட்ட எட்டையும் அந்த நூல் வைத்திருப்பது பொருளதிகாரத்தில், உவமைக்குப் பக்கத்தில், செய்யுளுக்குக் கிட்டே. காண்பவருக்கும் கேட்பவருக்கும் புலப்படுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. எங்கள் ஊரில் ஒப்பாரிக்குப் பேர்போன ஒரு ஆச்சி இருந்தா. செத்தவர் யாரென்று அவவுக்குத் தெரியாமலும் இருக்கும். வாசலில் நின்று யாரிடமோ பெயரையும் பிள்ளைகளின் தொகையையும் கேட்டுக்கொண்டு உள்ளே போவா. அதுவரை கல்லாக இருந்த மகள் அப்போதுதான் உடைந்து அழுவாள். கூலிக்கு மாரடிப்பது என்று இளக்காரமாகச் சொல்கிறோம். அந்த மகளிடம் கேட்டுப்பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இங்கே பிறந்த ஒரு பெண்ணின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். 2009 பற்றிய கவிதைகள். அப்போது அவவுக்கு வயது பதினொன்று, இருந்தது ஹரோவில். முள்ளிவாய்க்காலைத் தொலைக்காட்சியில் கண்டவர் அதைப் பற்றிக் கவிதை எழுதலாமா என்று கேட்டேன். கடன் வாங்கிய துயரம் என்றும் எழுதினேன். பலர் தொலைபேசியில் பாராட்டினார்கள். அவ பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு தமிழில் எதுவும் வெளியிட்டதாகவும் நான் காணவில்லை. என்னிடம் குசினிக்குள் வைத்து அழச் சொன்னவர்களின் பக்கத்துக் கதிரையில் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவவிடம் நான் கேட்டது தழும்பை.

போன மாதம் அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்து, பின்னட்டைக் குறிப்பைப் பார்க்காமல் வாசித்தேன். ஐந்தாறு கவிதைகள் இப்போதும் வெறும் சத்தம்தான். ஆனால் ஒன்றில், அம்மா தொலைபேசியில் எண்ணிக்கொண்டிருக்கிறா. சித்தி, சித்தப்பா, பிள்ளைகள், அப்பம்மா. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு பெயர் குறைகிறது, யார் விடுபட்டார் என்று கவிதை சொல்வதில்லை. மகள் மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருக்கிறாள். கடைசிப் பத்தி ஒரே அடி. நான் மதிப்புரையில் இந்தக் கவிதையைக் குறிப்பிடவே இல்லை. முன்பு வாசித்தபோது அடிக்கோடு இட்டிருக்கிறேன், பென்சிலால், பெயர்களுக்குக் கீழே. பெயர்கள் குறைவதைக் கவனிக்கவில்லை.

அவவுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். தொகுப்பின் முன்னுரை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் எழுதுவேன்.