கடவுச்சொல்லுக்குப் பின்னுள்ள நூலகம்

சீர்காழியிற் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்து வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், இரண்டாவது வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிட்டவேண்டும் என்பதை. இரண்டும் ஒன்றே என்று தோன்றலாம். ஆனால், கடவுச்சொல் இட்டு உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தம் இணையப் பக்கத்தைப் பிரத்தியேகமாக அமைத்துக் காட்டும் வழக்கத்தை உயர்கல்வி நூலகங்கள் மேற்கொண்டுவரும் இக்காலத்தில், அவ்விரு விதிகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பது புலனாகிறது. ஏனெனில் இவ்வழக்கம் முன்னதற்குப் பேருபகாரமும் பின்னதற்குச் சிறிது அபகாரமும் ஒருங்கே செய்கிறது.

எண்ணம் பழையதுதான். 1958-லேயே ஐ.பி.எம். ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன், ஒவ்வொருவர் நாட்டத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஆவணங்களுள் அதனோடு பொருந்துவனவற்றை மட்டும் இயந்திரமே அவருக்கு அனுப்பலாம் என்ற யோசனையை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகட்குப் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் மைலைப்ரரி என்னும் பெயரால் அந்நோக்கத்தை இணையத்திற் செயற்படுத்திப் பார்த்தது. நம் கல்லூரிகளில், நியூசிலாந்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் கோஹா என்னும் நூலக மென்பொருளின் கணக்குப் பக்கமாகவும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிட நடத்திவரும் என்-லிஸ்ட் திட்டத்தின் கடவுச்சொல்லாகவும் இது பெரும்பாலும் வழங்குகிறது.

விழிதியூரிலிருந்து காரைக்காலிலுள்ள அரசு கலைக் கல்லூரி ஒன்றுக்கு நாள்தோறும் பஸ்ஸில் சென்று வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். கல்லூரி வளாகத்துக் கணினியில் மட்டுமே திறக்கும் மின்னிதழ்களால் அவளுக்குப் பிரயோஜனம் குறைவு. மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் நூலகத்தில் எவ்வளவு நேரம் அமர முடியும்? இரவு வீட்டிலிருந்தபடியே தன் கடவுச்சொல்லால் அவற்றைத் திறந்து படிக்கவும், எடுத்த நூலின் தவணையைப் பார்த்து நீட்டித்துக்கொள்ளவும், பிறர் கையிலுள்ள நூலுக்குப் பெயர் பதிந்து வைக்கவும் கூடுமானால், அதுவே பெரிய சௌகரியம். இவை கவர்ச்சியற்ற காரியங்களே. எனினும் இவ்வழக்கத்தின் உண்மையான சிறப்பு இவற்றோடு முடிந்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

அதற்கு மேல், வாசகரின் மனத்தைத் தானே ஊகித்து நூல்களை எடுத்து வைக்கப் புகும்போதுதான் பக்கம் இடறுகிறது. அது அவளைப் பற்றி அறிந்ததெல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள துறையும் வகுப்புமே. தமிழ் முதுகலை பயிலும் அவள், காவிரியின் கடைமடையில் வழங்கும் உழவுச் சொற்களைத் திரட்டி ஆய்வேடு எழுத முற்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உப்பேறும் மண்ணைப் பற்றியும், சம்பா சாகுபடியைப் பற்றியும், வாய்க்கால் மடைகளைப் பற்றியும் அவள் படித்தாக வேண்டும். பக்கமோ இலக்கிய இதழ்களையே அடுக்கி நிற்கும். செருமாவிலங்கை வேளாண் கல்லூரியில் அவள் தம்பி பயில்வானாயின், ஒரே வீட்டில் இருவருக்கும் வேறு வேறு நூலகங்கள் தோன்றும். என்-லிஸ்ட் திட்டமே வேளாண், பொறியியல், மருத்துவக் கல்லூரிகளைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியதுதானே! சுமார் 6,300 நிறுவனங்களுக்கு 13,000 இதழ்களைத் திறந்துவிடும் நோக்குடன் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நிறுவனங்களுக்கிடையே உள்ள சுவரைத் தாழ்த்தக்கூடும். துறைகளுக்கிடையே பக்கம் தானே எழுப்பும் சுவரை எந்தச் சந்தாவும் தாழ்த்தாது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்ட ரங்கநாதன், ஒரு பொருளுக்குரிய நூல்களை நடுவிலும், அதனோடு உறவுடையவற்றை இருமருங்கிலும், உறவற்றவற்றை அவற்றுக்கும் அப்பாலும் நிற்கும்படி வரிசைப்படுத்த வேண்டுமென வற்புறுத்தினார். தேடி வந்தவன் தேடாததையும் காண்பதற்கு அவ்வரிசை இடந்தந்தது. பிரத்தியேகப் பக்கமோ நடுவை மாத்திரம் வைத்துக்கொண்டு இருமருங்கையும் கத்தரித்துவிடுகிறது. விருப்பத்தை வாசகரே திருத்தியமைக்கலாமே என்பர் இதன் ஆதரவாளர். திருத்தலாம்; ஆயினும் முதலில் வைத்த அமைப்பை மாற்றாமலே விட்டுவிடுவதுதான் நம்மிற் பலருடைய சுபாவம்.

அந்தரங்கத்தைப் பற்றிய ஆட்சேபம் இதனினும் கனமானது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒருவர் எந்நோயைப் பற்றி, எச்சட்டத்தைப் பற்றி, எக்கொள்கையைப் பற்றிப் படித்தார் என்பதை வரிசையாகக் காட்டும் பட்டியல் சாமானியமானதன்று. அயல்நாட்டு அறிஞர்கள் இவ்விஷயத்தில் அரசையும் வாணிக நிறுவனங்களையும் கண்டு அஞ்சுவர். நம் ஊர்களில் அதற்கு முன் அஞ்ச வேண்டியது வீட்டையே. அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியை மாற்றி மாற்றி எடுக்கும் இல்லத்தில், ‘நீங்கள் அண்மையில் படித்தவை’ என்று அன்போடு விரித்துக் காட்டும் பக்கம், மணவிலக்குச் சட்டத்தைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு என்ன நன்மை செய்யும்?

கோஹாவில் இதற்குப் பரிகாரம் உண்டு. நூலகர் இடங்கொடுத்தால், எடுத்த நூல்களின் வரலாற்றை என்றும் வைத்திருக்கவோ, நூலக வழக்கப்படி விட்டுவிடவோ, நூல் திரும்பியதும் அகற்றிவிடவோ வாசகரே தேர்ந்துகொள்ளலாம். அத்தேர்வை வாசகரிடம் விடுவதற்கு நிதி ஒதுக்கீடோ மேலிடத்து ஆணையோ வேண்டியதில்லை. நூலகர் தம் கணினியில் சில அமைப்புகளை மாற்றினாற் போதும். சேர்க்கை நாளில் கடவுச்சொல்லை அச்சிட்டுக் கையிற் கொடுக்கும்போதே இதனையும் இரண்டு வாக்கியத்தில் மாணவருக்குச் சொல்லிவிடலாம்.