மந்தரத்திலிருந்து தொடங்குங்கள்

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு வாத்தியப் பட்டியல் வருகிறது. ஏழிசைகளின் பெயரைச் சொல்லிவிட்டு, தக்கை, துந்துபி, மத்தளம், குடமுழா என்று முழக்கக் கருவிகளை அடுக்கும்போது, அவற்றின் நடுவே வீணையையும் வைக்கிறார். அது இன்றைய தஞ்சாவூர் வீணையாக இருந்திருக்க முடியாது. 24 மெட்டுகள் கொண்ட இப்போதைய வடிவம் 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பது மரபு. ஆனால் அந்தப் பட்டியல் எழுப்பும் சிக்கல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது: இத்தனை முழக்கத்தில் வீணை எப்படிக் காதில் விழும்? நம் காலம் இதற்கு, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப் என்ற விடையைக் கண்டது. ராஜேஷ் வைத்யா போன்ற வீணைக் கலைஞர்கள் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே வீணையை உட்கார வைக்க முடிந்தது அதனால்தான். கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியது: ஒலியை மின்சாரம் பார்த்துக்கொள்ளும், தந்தி எதுவானால் என்ன? என் கட்சி இதற்கு நேர் எதிரானது. மின்சாரம் ஏறிய வாத்தியத்தில்தான் தந்தியின் பொறுப்பு கூடுகிறது. அதிலும் மந்தரத் தந்திகளின் பொறுப்பு.

கணக்கிலிருந்து தொடங்கலாம். நீளமும் இழுவிசையும் மாறாமல் ஒரு தந்தி ஒரு ஸ்தாயி கீழே பேச வேண்டுமானால் அதன் எடை நான்கு மடங்காக வேண்டும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் அச்சேற்றிய விதி இது. வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், சாரணிக்கு ஒரு ஸ்தாயி கீழே மந்தரம், அதற்கும் கீழே அனுமந்தரம். சாரணியின் எடை ஒன்று என்றால், அதே இழுவிசையில் மந்தரத்துக்கு நான்கு வேண்டும். அனுமந்தரத்துக்கு ஏழுக்கும் சற்று மேல். இந்த எடையை ஒற்றை எஃகுக் கம்பியில் கொண்டுவந்தால் அதன் தடிமன் சாரணியைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். அவ்வளவு தடித்த கம்பி வளைய மறுக்கும். அடிப்படை ஸ்வரத்தோடு ஒலிக்க வேண்டிய மேல் ஒலிகள் தங்கள் இடத்தைவிட்டுச் சற்று ஏறிப்போகும், நாதம் கலங்கும். பித்தளைக் கம்பியால் கொஞ்சம்தான் லாபம், ஏனென்றால் எஃகைவிட அதன் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். எடை ஏற வேண்டும், விறைப்பு ஏறக் கூடாது என்றால் இருக்கும் வழி ஒன்றே: மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது.

அந்த நடுக்கம்பி சாதாரண இரும்பில்லை. திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் கட்டடக் கம்பி உருட்டுகிறார்கள். ஐந்நூறு என்ற தரமுள்ள கட்டடக் கம்பி, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசைவரை நிரந்தரமாக நீளாமல் தாங்க வேண்டும். வாத்தியக் கம்பியோ அறுவதற்கு முன் 2,000 நியூட்டனுக்கும் மேல் தாங்கும். அதில் கரிமம் கட்டடக் கம்பியைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சூடேற்றாமல் அச்சுத் துளைகள் வழியே திரும்பத் திரும்ப இழுத்து அதை மெலிய வைக்கிறார்கள். இந்த வலிமை இருப்பதால்தான் வீணைக்காரர் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே மெட்டில் எடுத்துவிட்டு, விட்டதும் பழைய சுருதிக்கே திரும்ப முடிகிறது.

இனி பிக்கப். காந்தப் பிக்கப்புக்கு இரும்பும் நிக்கலும் மட்டுமே தெரியும். பித்தளைத் தந்தி அதன் முன் ஊமை. எஃகின் மேல் செம்பு சுற்றிய தந்தியில் நடுக்கம்பியின் அசைவு மட்டும் பதிவாகும். அதனால் சாரணி உரக்கவும் மந்தரம் மெலிந்தும் கேட்கும். குதிரையின் அதிர்வை வாங்கும் பீஸோ பிக்கப் எந்த உலோகத்தையும் ஒதுக்காது. ஆனால் தந்தியில் வழுக்கி ஜாரு போகும்போது விரல் சுற்றில் உரசும் கீச்சொலியையும் அது விடாமல் வாங்கிக்கொள்ளும். ஆகவே காந்தப் பிக்கப் என்றால் நிக்கல் பூசிய எஃகு சுற்றிய தந்தி. பீஸோ என்றால் தட்டைப் பட்டை சுற்றிய வழுவழுப்பான தந்தி. தந்தியைத் தீர்மானிக்காமல் பிக்கப் வாங்குவது வேலையைப் பாதியில் நிறுத்துவதுதான்.

இதற்கு வலுவான சாட்சி எலெக்ட்ரிக் அப்ரைட் பாஸ். டபுள் பாஸின் பெரிய மரக்கூட்டை எடுத்துவிட்டு, கழுத்தையும் தந்திகளையும் குதிரையையும் மட்டும் வைத்துக்கொண்ட வாத்தியம் அது. 1962இல் ஆம்பெக் கொண்டுவந்த பேபி பாஸ் அதன் புகழ்பெற்ற முன்னோடி. மரக்கூடு தந்தியின் சக்தியை விரைவாக உறிஞ்சி வெளியே வீசுவதால்தான் டபுள் பாஸில் ‘தும்’ என்று அடித்து அடங்கும் ஒலி பிறக்கிறது. கூடு போனதும் ஸ்வரம் நீண்டு தொங்குகிறது. பழைய அடக்கம் வேண்டுவோர் குடல் நரம்பை ஒத்த, மென்மையான செயற்கை இழைத் தந்திகளைத் தேடுகிறார்கள். நீண்ட உறுமல் வேண்டுவோர் வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் செய்யும் ஸ்பைரோகோர் போன்ற எஃகுத் தந்திகளைக் கட்டுகிறார்கள். மரம் செய்துவந்த வேலை தந்தியின் தலையில் விழுந்துவிட்டது. பலாமரக் குடத்தின் ஒலியை ஒதுக்கிவிட்டு பிக்கப்பை மட்டும் நம்பும் வீணைக்கும் இதே கதிதான்.

ஈக்வலைசர் இருக்கிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஈக்வலைசர் இருப்பதைக் கூட்டும், குறைக்கும். தடித்த கம்பியில் இடம் பிசகிய மேல் ஒலியை அதனால் திரும்ப இடத்தில் உட்கார வைக்க முடியாது. விரலுக்கும் தந்திக்கும் நடக்கும் பேச்சு அதன் எல்லைக்குள் வருவதே இல்லை. வீணை தனம்மாள் (1867–1938) தணிந்த ஒலியில் நுணுக்கங்களைப் பின்னினார், எஸ். பாலச்சந்தர் (1927–1990) ஒரு மெட்டில் தந்தியை நெடுந்தூரம் இழுத்துப் பல ஸ்வரங்களை வரவழைத்தார். இந்த இரு கைகளுக்கும் ஒரே தந்தியைப் பரிந்துரைக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. பித்தளை மந்தரத்தின் இனிமை போய்விடுமே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. பித்தளையின் குழைவு தனிதான். அறையில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பவர் அதை விடவே வேண்டாம். ஆனால் அதன் முன் காந்தப் பிக்கப்பை வைத்துவிட்டு இனிமையை எதிர்பார்ப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தந்தியைப் பொருத்துவதிலும் நுட்பம் உண்டு. எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றக் கூடாது. அழுத்தம் போனதும் குதிரை நகரும். ஒன்றை மாற்றி, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது. சுற்றுத் தந்தியை, அதை முறுக்கேற்றும் பிரடையருகே மடித்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும், இல்லையேல் சுற்று தளர்ந்து நாதம் செத்துவிடும். பிரடையில் மூன்று நான்கு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விழட்டும். தடிமன் மாறினால் குதிரைத் தகட்டின் மேல் தந்தி படியும் விதமும் மாறும், மெட்டுகளில் ஸ்வர ஸ்தானமும் நகரும். மெழுகை இளக்கி மெட்டுகளை மீண்டும் பதித்து மேளம் கட்டவும் வேண்டியிருக்கலாம். தந்தி மலிவுதானே என்று அடிக்கடி ரகம் மாற்றுவோர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. முதலில் பிக்கப்பின் இனத்தைக் கேளுங்கள். பிறகு அனுமந்தரத்தைத் தேர்ந்து, உங்கள் கமகத்துக்கு அது இடம் கொடுக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். மற்ற மூன்றையும் அதன் கனத்துக்கு ஒத்துப்போகும்படி அமையுங்கள். வீணை வாங்கும்போது ஆம்ப்ளிஃபயரின் வாட் அளவை விசாரிப்பவர்கள், தந்தியின் தடிமனைச் சொல்லும் கேஜையும் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்.