நெருப்பிலும் பங்குண்டு

நீர், புல், நெருப்பு மூன்றும் மக்களுக்குப் பொது என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் ஓதி வருகிறோம். அதற்கு விளக்கவுரை நிகழ்த்துவோர் பலர் கிணற்றையும் மேய்ச்சலையும் விரித்துரைத்து, நெருப்பை விறகோடு முடித்துவிடுகின்றனர். இது குறையே. இந்நாளின் நெருப்பு மின்சாரம் அன்றோ!

நிலக்கரிப் புகையால் உலகின் வெம்மை ஏறுகிறது; கதிரவன் ஒளிக்கு மாறுதல் கடமை. ஆனால், 2024இல் நடுவணரசு தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் அளிப்பது பெரும்பாலும் சொந்த வீட்டுக் கூரை உடையார்க்கே. மதுரைக் காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் ஒண்டுக்குடித்தனம் இருப்போர்க்குக் கூரை ஏது? சித்திரை வெயில் அவர்கள் தலையில். மானியம் மாடி உடையார் கையில். சவர்க்காரம் வாங்கும்போது ஏழை செலுத்தும் வரியும் அரசின் கருவூலத்திற்கே செல்கிறது; அம்மானியம் அக்கருவூலத்திலிருந்தே வருகிறது.

ஒரு மாடியின் மின்சாரத்தைப் பல வீட்டுக் கணக்குகளில் பகிர்ந்தெழுதும் விதியைத் தில்லி 2019இலேயே வகுத்தது. நம் வக்ஃபுக் கட்டட மாடிகளிலும் அவ்வழியே வாடகைக் குடியினர்க்குப் பங்கு கேட்போம். நபிமொழி ஆண்ட சொல் ‘ஷுரகா’. அதன் பொருள் பங்காளிகள், இரவலர் அன்று.